கடைசியில் குளிப்பவர்

பெங்களூரு மல்லேசுவரத்தில் 1936-இல் கட்டப்பட்ட ஒரு வீடு. முதலில் தரைத்தளம் மட்டுமே. மாடி 1974-இல் எழுந்தது. தடித்த சுவர்கள், சிவப்புக் காவித் தரை, தேக்குக் கதவுகள். வருவோர் எல்லாரும் புகழும் வீடு. அந்த வீட்டில் ஒரே நேரத்தில் இருவர் குளிக்க இயலாது.

மூன்று தலைமுறையாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பம் இதை ஒரு குறையாக எண்ணியதே இல்லை. கீழே இருவருக்கும் மாடியில் ஒருவருக்குமாக மூன்று குளியலறைகள் இருந்தும், காலைக் குளியலுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் வீட்டின் மூத்தவர், அடுத்து அலுவலகம் செல்லும் ஆண்கள், அடுத்துப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகும் பிள்ளைகள், இறுதியில் மருமகள். அந்த வரிசையை எவரும் எழுதி வைக்கவில்லை. கீழே குழாய் திறந்திருக்கும் வரை மாடியில் நீர் வராது என்பதும், மருமகளின் அறை மாடியில் இருந்தது என்பதும் சேர்ந்தே அதை வகுத்தன.

அந்த மருமகள் இயற்பியல் பேராசிரியர். நகரின் ஒரு மகளிர் கல்லூரியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் அதிகாலை நாலே காலுக்கு எழுந்து, பிறர் எவரும் குழாயைத் தொடுமுன் குளித்து முடிப்பார். ஓய்வுக்குப் பின் அந்த அவசரம் நின்றது. குளியல் பதினொரு மணிக்கு நகர்ந்தது. முதலிலும் இறுதியிலும் குளிப்பதற்கு இடையே அவருக்கு வேறு வாய்ப்பு இருந்ததில்லை என்பதை அவர் பின்னர்தான் கணக்கிட்டுப் பார்த்தார்.

மாமியாருக்கு வயது 84. 1958-இல் அந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தவர். அப்போது கொல்லையில் கிணறும் ஒரு நகராட்சிக் குழாயும் இருந்தன. குளியலறை மூலையில் பதித்திருந்த செப்பு அண்டாவை, கன்னடத்தில் 'ஹண்டே' என்பார்கள், தேங்காய் மட்டையும் விறகும் இட்டுச் சூடாக்குவது அவர் வேலை. அண்டா நீர் நால்வருக்குப் போதும். ஐந்தாவது ஆளாக அவர் குளிக்கும்போது அடியில் மிஞ்சிய வெதுவெதுப்புதான். ஆக, கடைசியில் குளிக்கும் இடம் அந்த வீட்டில் ஒரு மருமகளிடமிருந்து அடுத்த மருமகளுக்கு வந்து சேர்ந்தது. இடையில் அண்டா போய் கீசர் வந்திருந்தது, அவ்வளவே.

2023-இல் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைக்குப் பின் முக்காலியில் அமர்ந்து கைஷவரில்தான் குளிக்க முடிந்தது. அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு கையும் நீர் விட ஒரு கையும் வேண்டும். குனிந்து குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டே அவரைப் பிடித்திருக்க இயலாது. பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் வந்தார்.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் விடுப்பில் இருந்தார். பேத்தி பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் சமையலறையில் அரிசி களைவதற்காகக் குழாயை முழுவதும் திறந்தார். சில நொடிகளில் குளியலறையிலிருந்து கதறல் கேட்டது. தோளிலிருந்து முதுகு வரை உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, மாலைக்குள் கொப்புளம் கண்டது. இரண்டு வாரம் கட்டுப் போட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பணிப்பெண் வந்தார். கட்டைப் பார்த்தார். "சமையல்கட்டுக் குழாயை யாராவது திறந்தீங்களாம்மா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சமையலறைக் குழாய் திறந்தால் பத்து எண்ணுவதற்குள் இங்கே சுடும்; துணி துவைக்கும் எந்திரம் நீர் இழுத்தாலும் சுடும்; பக்கத்துக் குளியலறையில் பேரன் ஷவரைத் திறந்தால் இன்னும் விரைவாகச் சுடும். ஆகவே குளிப்பாட்டும் நேரம் முழுவதும் தம் இடது கையின் புறத்தை நீர்த்தாரையிலேயே வைத்திருப்பாராம். எட்டு மாதமாக அப்படித்தான். வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே சொல்லியும் இருக்கிறார். வீட்டார் அதைக் கீசர் பழுது என்று புரிந்துகொண்டு, ஆளை வரவழைத்துத் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். கீசரில் பழுதே இல்லை.

ஒரு குழாய் திறந்தால் இன்னொன்றில் என்ன நேரும், எவ்வளவு நேரத்தில் நேரும் என்று அந்த வீட்டில் அளந்து வைத்திருந்தவர் அவர் ஒருவரே. பெர்னூலியை 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கு அது தெரியவில்லை. இதைப் பேராசிரியரே பிறரிடம் சொல்வார், சொல்லும்போது சிரிப்பதில்லை.

நீர் சுட்டதற்கான காரணம் எளிது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இரண்டு வழிகளில் நீர் இறங்கியது. ஒன்று 1974-இல் மாடி கட்டியபோது போட்ட ஒரு அங்குல ஜி.ஐ. குழாய். அதுவே மாடிக் குளியலறை, கீழ்க் குளியலறைகள் இரண்டு, சமையலறை, துவைக்கும் எந்திரம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் தந்தது. மற்றொன்று, 1996-இல் மாமியாரின் குளியலறையில் கீசர் பொருத்தியபோது அதற்கென்று தனியே இறக்கிய பி.வி.சி. குழாய். வெந்நீரின் வழியில் பங்காளிகள் இல்லை. அதன் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நின்றது. தண்ணீரின் வழியிலோ ஐந்து பங்காளிகள். எவரேனும் ஒருவர் குழாயைத் திறந்தால் தண்ணீரின் அழுத்தம் சரியும், வெந்நீர் அப்படியே இருக்கும். மிக்சரில் கலக்கும் விகிதம் அந்தக் கணமே மாறிவிடும். கீசரில் நீர் 60 பாகை செல்சியசில் இருந்தால் தோல் வெந்துபோகச் சில நொடிகள் போதும். 50 பாகையில் சில நிமிடங்கள் ஆகும். முதியோரின் மெலிந்த தோலுக்கு இரண்டுமே இன்னும் குறைவு.

இனி என்ன செய்வது என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் காணொளி அழைப்பில் பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னான். குளியலறைச் சாமான் விற்கும் கடைக்காரரும் அதையே சொன்னார். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். கணவர், அம்மாவுக்கு இனி வாளியும் செம்பும் போதும் என்றார். மாமியாரும் அதற்குத் தலையசைத்தார். அறுபத்தாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் எது தரப்பட்டதோ அதற்குத் தலையசைத்துப் பழகியவர் அவர். அந்தத் தலையசைப்பை இசைவு என்று எடுத்துக்கொள்ளப் பேராசிரியர் மறுத்தார்.

பம்ப் வாங்குமுன் அளந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அளந்தவர்கள் இருவர், பேராசிரியரும் ஒரு பிளம்பரும். பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். நாட்டின் பெருநகரங்களில் குழாய் வேலை செய்வோரில் கணிசமானோர் அந்த ஒரு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்குள்ள பட்டாமுண்டாயில் பிளம்பிங் கற்பிப்பதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இயங்குகிறது. அவர் இந்தியில் பேசுவார், இடையிடையே கன்னடம் வரும். பேராசிரியரின் இந்தி தேர்வுக்குப் படித்த இந்தி. ஆனால் இருவருக்கும் பொதுமொழியாக ஒரு வாளியும் கைக்கடிகாரமும் இருந்தன.

முதல் அளவை அவற்றாலேயே நடந்தது. வாளி 15 லிட்டர். மாடி ஷவரை மட்டும் திறந்தால் அது நிறைய ஐந்து நிமிடம் ஆயிற்று, அதாவது நிமிடத்துக்கு மூன்று லிட்டர். கீழே சமையலறைக் குழாயையும் திறந்தவுடன் மாடி ஷவர் சொட்டுச் சொட்டாகி நின்றேவிட்டது. பழுதில்லாத ஒரு சாதாரண ஷவர் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் அளவில் தரும்.

இரண்டாம் அளவை பிளம்பரின் யோசனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை மாமியாரின் குளியலறைக் குழாயில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைச் சன்னல் வழியே வெளியே எடுத்து, பின்சுவரை ஒட்டி மொட்டைமாடி வரை கொண்டுசென்றார். எல்லாக் குழாய்களும் மூடியிருந்தபோது நீர் மட்டம் ஏறி, தொட்டியின் நீர்மட்டத்துக்கு நேராக நின்றது. குளியலறைத் தரையிலிருந்து 8.3 மீட்டர். பத்து மீட்டர் நீருயரம் என்பது ஏறக்குறைய ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஆகத் தரைத்தளத்தில் அழுத்தத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு மாடி ஷவரைத் திறந்தார்கள். மட்டம் ஆறு மீட்டருக்கு இறங்கியது. அதை மூடிச் சமையலறைக் குழாயைத் திறந்தார்கள். இரண்டரை மீட்டருக்குச் சரிந்தது. மாடி ஷவரின் உயரம் அதே தரையிலிருந்து 5.6 மீட்டர். நீர் இரண்டரை மீட்டரில் நிற்கும்போது மாடியில் எப்படி வரும்? பக்கத்துக் குளியலறை ஷவரையும் சேர்த்துத் திறந்தபோது மட்டம் ஒன்றரை மீட்டருக்கும் கீழே போயிற்று. சுவரில் சாக்குக் கட்டியால் ஒவ்வொரு மட்டத்தையும் குறித்துக்கொண்டே வந்தார் பிளம்பர். கடைசிக் கோடு மாமியாரின் முக்காலியில் அமர்ந்தவரின் தலைக்குச் சற்று மேலே விழுந்தது.

அன்றைய பகல் முழுவதும் அந்தக் கோடுகளின் முன்னே நின்றவர்கள் பலர். பணிப்பெண்ணும் வந்து பார்த்தார். தாம் கையால் அறிந்திருந்தது சுவரில் கோடாக இருந்ததில் அவருக்குப் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை.

குழாய்கள் மூடியிருக்கையில் முழு உயரமும் இருக்கிறது, நீர் ஓடத் தொடங்கியதும் அது காணாமல் போகிறது என்றால், குறை தொட்டியில் இல்லை, வழியில் இருக்கிறது. அடுத்த நாள் பின்சுவரில் ஓரிடத்தில் பழைய குழாயை அறுத்தார்கள். ஒரு அங்குலக் குழாய், அதாவது 25 மில்லிமீட்டர். உள்ளே துருமுடிச்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நடுவில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கே துளை எஞ்சியிருந்தது. தொட்டியை ஒட்டிய கேட் வால்வைத் திருகினால் கைப்பிடி சுற்றியது. உள்ளிருந்த தகடு தண்டிலிருந்து கழன்று பாதிவழியில் சிக்கிக் கிடந்தது. எத்தனை ஆண்டுகளாக என்று எவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் விட்டத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். விட்டம் பாதியானால் நீரும் பாதியாகும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இளநிலை இயற்பியல் ஆய்வகத்தில் நுண்துளைக் குழாயில் நீரைச் சொட்டவிட்டுப் பாகுநிலை கண்ட ஒவ்வொரு மாணவருக்கும் அது தவறு என்று தெரியும். ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப ஓட்டம் மாறும் என்ற வாய்பாட்டைப் புவாசெயின் பெயரால் மனப்பாடம் செய்திருப்பார்கள். அவர் மருத்துவர், இரத்த ஓட்டத்தை அறிய முனைந்து குழாய்க்கு வந்தவர். ஆனால் அந்த விதி மெல்ல, அடுக்கடுக்காக நகரும் நீருக்கு உரியது. வீட்டுக் குழாயில் நீர் சுழித்தோடுகிறது. அங்கே உயரம் மாறாதிருக்க, விட்டத்தின் இரண்டரைப் படியை ஒட்டி ஓட்டம் மாறும். விட்டம் பாதியானால் கிடைப்பது முன்பு கிடைத்ததில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்.

உள்சுவர் சொரசொரப்பானால் அதுவும் குறையும். பிரான்சின் திழோன் நகரத்துக்கு நீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி தார்சி, புதுக் குழாய்களோடு பழைய குழாய்களையும் சோதித்து, உட்சுவரின் நிலையைப் பொறுத்து ஓட்டம் மாறும் என்று 1857-இல் வெளியான நூலில் காட்டினார். பேராசிரியரின் வினாத்தாள்களில் குழாய் எப்போதும் வழுவழுப்பாகவே இருந்தது. 'குழாய் வழவழப்பானது எனக் கொள்க' என்ற தொடரை எத்தனை முறை தட்டச்சுக்குக் கொடுத்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

பம்ப் யோசனை இங்கேதான் விழுந்தது. அதே குழாயில் இரு மடங்கு நீர் வேண்டுமானால் வழியில் இழக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கைப் பம்ப் ஈடுகட்ட வேண்டும். ஐம்பது ஆண்டுத் துருவில் மெலிந்த மரைகள் அதைத் தாங்குமா? "சுவத்துக்குள்ள வெடிச்சா எங்கேன்னு தேடறது, மேடம்?" என்று பிளம்பர் தம் மொழியில் கேட்டதன் பொருள் இதுதான். அதுவும் போக, பம்ப் வந்தாலும் ஐந்து பங்காளிகளும் ஒரே குழாயில்தான் இருப்பார்கள். சமையலறை திறந்தால் முக்காலியில் நீர் சுடுவது நிற்காது.

கணவர் எழுப்பிய மறுப்பு வேறு வகையானது; அதை எளிதில் ஒதுக்க இயலாது. அது 2024 மார்ச். நகரமே தண்ணீரின்றித் தவித்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றியிருந்தன. குடிநீரால் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. வணிக நிறுவனங்களும் அடுக்ககங்களும் குழாய்களில் நீர்ச்சிக்கனக் குமிழ் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. ஊர் முழுக்கக் குழாயைச் சுருக்கும்போது நாம் அகலமாக்குவதா என்றார். அந்த ஊருக்கு நீர் வந்த வரலாறும் அவர் பக்கமே பேசும். 1896-இல் எசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது, 1933-இல் திப்பகொண்டனஹள்ளி, 1974-இல், அந்த வீட்டில் மாடி எழுந்த அதே ஆண்டில், காவிரி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டங்களாக ஏற்றப்படும் நீர் அது. அதைக் கொஞ்சமாகச் செலவிடுவதே முறை.

பேராசிரியர் இதற்குக் கணக்கால் விடை சொன்னார். மாமியாரின் ஒரு குளியலுக்கு ஆகும் நீர் ஏறத்தாழ இரண்டு வாளி. மிக்சரைத் திருகித் திருகிச் சூட்டைச் சரிசெய்யும் நேரத்தில் வீணாகப் போவது இன்னொரு அரை வாளி. நீர் சீராக வந்தால் அந்த அரை வாளி மிச்சம். சமையலறைக் குழாயில் அவரே ஒரு சிக்கனக் குமிழை அன்றே பொருத்தவும் செய்தார்.

சிக்கனத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. குழாயின் வாயில் வைத்தால் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அது ஒரே அளவில் குறைக்கும். சுவருக்குள் துருப்பிடித்த தொண்டையும் ஒருவகைச் சிக்கனமே. ஆனால் அது கீழே இருப்பவரை விட்டுவிட்டு மாடியில் இருப்பவரிடம் பிடுங்குகிறது, விரைந்து திறந்தவரை விட்டுவிட்டு முக்காலியில் அமர்ந்தவரைச் சுடுகிறது. இதையே நகரத்துக்கும் நீட்டலாம். மேட்டுப்பகுதியின் கடைசித் தெருவில் வசிப்போருக்கு விளக்கம் தேவைப்படாது.

வேலை பதினோரு நாள் நடந்தது. பழைய குழாயைச் சுவரிலேயே விட்டுவிட்டு வெளிப்புறமாகப் புதுவழி போட்டார்கள். தொட்டியின் வாயை இரண்டு அங்குலமாக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி அதே அகலத்தில் ஒரு தலைக்குழாய். பிளம்பர் 'ஹெடர்' என்பார். அதிலிருந்து நான்கு இறக்கங்கள். மாடிக் குளியலறைக்கு ஒன்று, பேரனின் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கும் துவைக்கும் எந்திரத்துக்கும் ஒன்று, மாமியாரின் குளியலறைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் முழுத்துளை பால் வால்வு. ஒவ்வொன்றிலிருந்தும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே எழும் ஒரு காற்றுக்குழாய். காற்றுக்குழாய் இல்லாவிட்டால் தொட்டி வற்றி நிறையும்போதெல்லாம் குழாயில் காற்று சிக்கிக்கொள்ளும். இரு நாளுக்கொருமுறை வாரிய நீர் வரும் ஊரில் அது அடிக்கடி நேரும். பூரியில் இப்போது நாள் முழுவதும் குழாயில் நீர் வருகிறது, தொட்டியே வேண்டாம் என்று தம் மாநிலத்தைப் பற்றிப் பிளம்பர் ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

மாமியாரின் குளியலறைதான் மிகுந்த யோசனையை வாங்கியது. தண்ணீரும் கீசருக்குப் போகும் நீரும் ஒரே இறக்கத்திலிருந்து பிரியுமாறு அமைத்தார்கள். இனி அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், கலவை மாறாது. சூட்டைத் தானே நிறுத்தும் மிக்சர்கள் கடையில் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு அந்த வீட்டில் இல்லாத அழுத்தம் வேண்டும். கீசரின் சூட்டை 50 பாகையில் நிறுத்தினார்கள். வெந்நீர்க் குழாயை மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் போட வேண்டாம் என்று பேராசிரியர் தடுத்தார். ஒரு அங்குலக் குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர் நீர் தங்கும். சூடு வருமுன் அவ்வளவும் வெளியே போகும். எல்லாவற்றையும் அகலமாக்குவதும் ஒரு மடமை.

மாடிக்கு ஒரு குறை எஞ்சியது. வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாடி ஷவருக்கு மேல் தொட்டியின் நீருயரம் 2.7 மீட்டர்தான். தொட்டியை உயர்த்தலாம் என்றால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். அதைத் தூண்போட்டுத் தூக்கிக் கூரை நடுவில் நிறுத்தக் கட்டடப் பொறியாளர் ஒப்பவில்லை. இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு நகர்த்தினால் முக்கால் மீட்டர் உயர்த்தலாம் என்றார். அப்படியே செய்தார்கள். பேரன் ஆசைப்பட்ட தட்டு அகல மழை ஷவர் அந்த அழுத்தத்துக்கு ஆகாது என்று கடைக்குத் திரும்பிப் போயிற்று. குறைந்த துளைகளுள்ள பழைய பாணி ஷவர் வந்தது. அவனுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்.

செலவு ஒரு லட்சத்தை நெருங்கியது. பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு முடிந்திருக்கும் என்று மகன் சொன்னது உண்மை.

இறுதி நாளில் பிளம்பர் அதே கண்ணாடிக் குழாயை மீண்டும் கட்டினார். சாக்குக் கோடுகள் அழியாமல் இருந்தன. சமையலறைக் குழாயைத் திறந்தார்கள். மட்டம் ஒரு சாணளவுகூட இறங்கவில்லை. பேரனின் ஷவரைத் திறந்தார்கள், மாடி ஷவரையும் திறந்தார்கள். மூன்றும் ஓடிக்கொண்டிருக்கையில் பேராசிரியர் மாடிக்கு வாளியோடு போய் நேரம் பார்த்தார். நிமிடத்துக்கு ஏழு லிட்டர். இரண்டாம் முறை பார்த்தார். அதே ஏழு. கணவர் கீழிருந்து தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று குரல் கொடுத்தார். அந்த வாளிகளின் நீர் துளசிக்கும் முற்றம் கழுவவும் போயிற்று.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பேராசிரியர் குளித்தார். அலுவலக நேரம், கீழே இரண்டு குழாய்கள் திறந்திருந்தன. நெடுநாள் பழக்கத்தால் தலையில் நீர் விழுந்ததும் ஷவரைப் பாதியாக மூடினார். பிறகு நினைவு வந்து திறந்தார். குளித்துவிட்டு இறங்கியபோது, மருமகள் இந்நேரத்துக்குத் தலை நனைந்து வருவதைப் பார்த்த மாமியார், எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டார். எங்கும் இல்லை என்றார் பேராசிரியர்.

ஒன்பது மணிக்குப் பணிப்பெண் வந்தார். புது மிக்சரை எப்படித் திருப்புவது என்று பேராசிரியர் காட்டினார்; சமையலறையில் யார் எதைத் திறந்தாலும் இனிச் சுடாது, கையை வைத்திருக்க வேண்டாம் என்றார். அவர் கேட்டுக்கொண்டார். கதவு சாத்தும் முன் பேராசிரியர் திரும்பிப் பார்த்தபோது, மாமியார் முக்காலியில் அமர்ந்திருந்தார், நீர் ஓடிக்கொண்டிருந்தது. பணிப்பெண்ணின் இடது கை, புறம் மேலாக, தாரையிலேயே இருந்தது. பேராசிரியர் சமையலறைக்குச் சென்று குழாயைத் திறந்து, பத்து வரை எண்ணினார்.